காதுக்குள் இருந்த ரவி அண்ணை

எனக்குப் பாட வரும், பேச வராது. ரொறொன்ரோவில் புதிதாகத் தமிழ்த் தொலைக்காட்சி தொடங்கியவர்களுக்கு இந்தச் சின்ன விஷயம் தெரியாமல் போய்விட்டது. கலியாண மண்டபங்களில் நான் பாடியதைக் கேட்டுவிட்டு, சனிக்கிழமைக் கலைநிகழ்ச்சிக்கு என்னையே தொகுப்பாளினியாகப் போட்டார்கள். (குரல் நன்றாக இருந்தால் வாயும் நன்றாக இருக்குமென்று நம்பிவிட்டார்கள், பாவங்கள்.)

ஸ்காபரோவில், கார் திருத்தும் கடையொன்றுக்குப் பக்கத்தில்தான் கலையகம். முதல் நிகழ்ச்சியே நேரடி ஒளிபரப்பு. தயாரிப்பாளர் ரவி அண்ணை என் காதுக்குள் கடலை அளவில் ஏதோ ஒரு கருவியைச் செருகினார்.

"பயப்பிடாதையுங்கோ தங்கச்சி. நான் உள்ளுக்கிருந்து கதைப்பன். சொல்லுறதை அப்பிடியே சொன்னால் காணும்."

பாட்டு ரீச்சர் பாடப் பாட, அப்படியே திருப்பிப் பாடி வளர்ந்தவள் நான். இதில் என்னை மிஞ்ச ஆளுண்டா?

விளக்குகள் எரிந்தன. "வணக்கம் சொல்லுங்கோ" என்றது காது.

"வணக்கம் சொல்லுங்கோ" என்றேன் கமெராவைப் பார்த்து.

"ஐயோ, அதில்லை!"

"ஐயோ, அதில்லை!"

எது எனக்கு, எது சனத்துக்கு என்று பிரித்தறிய மூளை மறுத்துவிட்டது. நல்லவேளை, அடுத்தது பாட்டு. பாடி முடித்ததும் கொஞ்சம் தைரியம் வந்தது. அதுதான் ஆபத்தாகப் போயிற்று.

சிறப்பு விருந்தினர், தளபாடக் கடை முதலாளி. எங்களுக்கு விளம்பரம் தந்த ஒரே மனிதர். (நாங்கள் இருந்த சோபாவும் அவருடையதுதான்.) தான் கனடாவுக்கு வந்த கதையைத் தொடங்கியவர், பார்க்டேலில் ஒற்றை அறையில் கழித்த முதல் பனிக்காலத்தைத் தாண்டவே இல்லை. உள்ளே, அடுத்து ஆடுவதற்குச் சலங்கை கட்டிய பிள்ளைகள் தூங்கி விழுந்துகொண்டிருந்தார்கள்.

காது சீறியது: "தங்கச்சி, இந்த மனுசன் இண்டைக்கு முடிக்கமாட்டார். ஒரு சோபாவைத் தந்திட்டு எங்களைச் சாக்காட்டுறார். மெல்லமா வெட்டுங்கோ."

நான் அழகாகச் சிரித்தேன். பிறகு, சங்கீதம் தந்த சுத்தமான உச்சரிப்போடு, 'தங்கச்சி'யில் தொடங்கி 'வெட்டுங்கோ' வரை ஒரு சொல்லும் விடாமல் சொன்னேன்.

காதுக்குள் ரவி அண்ணையின் மூச்சு மட்டும் கேட்டது. (அதையும் திருப்பிச் சொல்ல முயன்றேன்.) சோபாவோடு நிலையமும் போயிற்று என்றே நினைத்தேன்.

முதலாளி என்னையே பார்த்தார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார்.

"வீட்டிலை மனுசியும் இதைத்தான் சொல்லுறவ, பிள்ளை! சரி, நான் நிப்பாட்டுறன். நீங்கள் ஒரு பாட்டுப் படியுங்கோ."

அவர் விளம்பரத்தை நிறுத்தவில்லை. நானும் சில வருடங்கள் அந்த நிகழ்ச்சியை நடத்தினேன், காதில் எதுவும் இல்லாமல். ஆனால் அன்றைய ஒளிபரப்பை வீட்டிலிருந்த என் கணவர் வீடியோ நாடாவில் பதிந்துவிட்டார். வருகிறவர்களுக்கெல்லாம் போட்டுக் காட்டியும்விட்டார்.

இப்போது நாங்கள் ரொறொன்ரோவுக்கு வடக்கே ஸ்ரௌவ்வில்லில் இருக்கிறோம். வந்தவர்கள் நெடுநேரம் கதைத்துக்கொண்டிருந்தால் மகள் குனிந்து என் காதில் மெல்லக் கேட்பாள்: "அம்மா, தேத்தண்ணி போடட்டோ?"

அவ்வளவுதான். அவள் காதுக்குள் சொன்னதை நான் திருப்பிச் சொல்லுமுன், வந்தவர்கள் அவசரமாக எழும்பி, சப்பாத்தைத் தேடத் தொடங்கிவிடுவார்கள்.