பல்லை அரிக்காத மிட்டாய்

பல் டாக்டரின் நாற்காலி இன்றைக்கும் காலிதான். எதிர்க்கடையிலிருந்து அதைப் பார்த்த மிட்டாய்க்காரனுக்கு வியாபாரத்தில் மனசே ஓடவில்லை. டாக்டர் வேறு யாருமில்லை, அக்கா புருஷன். மாடியில் அக்காவும் டாக்டர் பலகை மாட்டியிருக்கிறாள்தான், ஆனால் அங்கே ஈ காக்காய்கூட எட்டிப் பார்க்காது. அந்த வீட்டில் அடுப்பு எரிவதே பல்லை நம்பித்தான்.

எல்லாம் சைலிடால் என்கிற இனிப்புப் பொடி செய்த வேலை. சர்க்கரைக்குப் பதில் அதைப் போட்டு மிட்டாய் காய்ச்சினான். அடடா, என்ன பதம், என்ன பளபளப்பு! நாக்கில் வைத்தால் ஜில்லென்று இருக்கும், பல்லை அரிக்கவே அரிக்காது. கைராசிக்காரன்தான், குறை சொல்ல முடியாது. ஊரே சப்பியது. பல்வலி ஊரைவிட்டு ஓடிப்போனது.

"மாமா, பழையபடி சர்க்கரையிலயே போட்டுடட்டுமா?"

"போடா மச்சான். இவ்வளவு நல்ல சரக்கை எவனாவது நிறுத்துவானா?" என்று மாமா இரண்டை வாயில் போட்டுக்கொண்டார்.

பெரிய மனசு, பாவம். மிட்டாய்க்காரனுக்குச் சும்மா இருக்க முடியவில்லை. 'பல்லைக் காட்டிவிட்டு வந்தால் ஒரு பொட்டலம் இலவசம்' என்று எழுதி மாட்டினான். கூட்டம் அலைமோதியது. மாமா ஒவ்வொரு வாயாக எட்டிப் பார்த்தார். பேருக்குக்கூட ஒரு சொத்தை அகப்படவில்லை. எல்லாரும் பொட்டலத்தோடு போனார்கள்.

சரி, கெட்டியாகச் செய்தால் ஒரு பல்லாவது ஆடாதா என்று நெல்லிக்காய் அளவில் உருட்டினான். பாவம்தான், அக்காவுக்காக அதையும் செய்தான். ஜனங்கள் கடிக்கவே இல்லை, பொழுதெல்லாம் சப்பினார்கள். பல் முன்னைவிட மின்னியது.

அக்கா போனை எடுப்பதையே நிறுத்திவிட்டாள். தெருவில் பார்த்தபோதும், "அப்புறம் பேசறேன்டா" என்று பின்சந்து மாடிப்படிப் பக்கம் விறுவிறுவென்று போய்விட்டாள். முகத்தில் சிரிப்பே இல்லை. கூடப்பிறந்தவள் பிழைப்பிலேயே மண்ணைப் போட்டுவிட்டேனே என்று அவனுக்கு அழுகை வந்தது.

மிட்டாய் டப்பாவைத் தூக்கிக்கொண்டு நேரே மாமாவின் ஆஸ்பத்திரி முன்வாசலுக்குப் போனான். டோக்கன் கொடுக்கும் அம்மாளின் முன்னால் வைத்தான்.

"இனிமே இந்த மிட்டாயே கிடையாதுங்க. அக்காகிட்ட சொல்லிடுங்க. இதால உங்க எல்லார் சோறும் போச்சு."

அந்த அம்மாள் பதறிப்போய் டப்பாவை அவன் பக்கமே தள்ளினாள்.

"ஐயையோ, நிறுத்திடாதீங்க சார். இதை அளவில்லாம தின்னுட்டு, வயித்தைப் பிடிச்சுக்கிட்டுப் பின்சந்து முழுக்க நிக்கிறாங்க. வயித்து டாக்டர் உங்க அக்காவுக்குச் சாப்பிடக்கூட நேரமில்ல."