நூற்றுப் பதினேழாம் குழியில் ஏறிய பயணி

அன்புள்ள தம்பிக்கு,

அண்ணனின் ஆசிகள். நீயும் உன் வீட்டாரும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்ற நம்பிக்கையில் பேனாவை எடுக்கிறேன். இங்கே உன் அண்ணிக்கு முழங்கால் வலி தேவலை, எனக்குச் சர்க்கரை அடங்கியிருக்கிறது, மகள் இன்று காலை முதல் என்னோடு பேசுகிறாள். மூன்றாவது சேதிக்காகத்தான் இந்தக் கடிதம்.

கருகல் நோய் அண்டாத உருளைக்கிழங்கை அவள் ஆய்வுக்கூடத்தில் உருவாக்கியது உனக்குத் தெரியும். ஆறு வருஷ உழைப்பு. வெளியே நட்டுப் பார்க்க அரசாங்கம் ஒரு பருவத்துக்கு அனுமதி கொடுத்தது, கூடவே பதினெட்டு நிபந்தனையும் கொடுத்தது. வேலி, பூட்டு, செடிக்கு ஒரு எண், உள்ளே போவது வருவது எல்லாம் பதிவேட்டில், கடைசியில் ஒரு கிழங்கு விடாமல் அதிகாரி முன்னால் எரித்துவிட வேண்டும். பதிவேட்டுக்கு ஆள் தேடினார்கள். முப்பத்தைந்து வருஷம் ரயிலில் டிக்கெட் பரிசோதித்தவன் வீட்டில் சும்மா இருக்கும்போது வெளியாள் எதற்கு என்று நானே போய் உட்கார்ந்துகொண்டேன். மகளுக்கு ஆய்வுக்கூடத்தை விட்டு நகர நேரமில்லை. வயலுக்கு நான்தான் ராஜா.

முன்னூறு குழியில் நூற்றுப் பதினேழு மட்டும் முளைக்கவில்லை. மகள் பதிவேட்டில் அப்படியே எழுதிக் கையெழுத்தும் போட்டுவிட்டாள். நான் தினமும் அந்தக் காலி இடத்தைத் தாண்டிப் போகிறேன், தம்பி. இருக்கை காலியாகப் போனால் எனக்குச் சோறு இறங்குமா, நீயே சொல்லு. சமையலறைக் கூடையில் ஒரு கிழங்கு முளைவிட்டுத் தவித்துக்கொண்டிருந்தது. கொண்டுபோய் உட்கார வச்சிட்டேன். ஜம்முனு வளர்ந்துச்சு. நல்ல காரியத்தைத் தம்பட்டம் அடிப்பானேன் என்று யாரிடமும் சொல்லவில்லை.

போன மாதம் சுற்று வட்டாரமெல்லாம் கருகல் நோய். அதே வாரம் சோதனைக்கு அதிகாரியம்மா வந்தார். மகளும் கூட வந்தாள். வயல் பச்சைப் பசேலென்று நிற்கிறது, நடுவில் நூற்றுப் பதினேழு மட்டும் கரிக்கட்டையாகக் கிடக்கிறது. அதிகாரியம்மா பதிவேட்டைப் பார்த்தார், குழியைப் பார்த்தார். "செடி குறைஞ்சா செத்துப்போச்சுன்னு எழுதலாம். கூடினா எங்கேருந்து வந்துச்சுன்னு கேப்பாங்களே. ஊரே சாப்பிடப்போற பொருளும்மா. கணக்கு சரியா இருந்தாத்தானே நம்பி வாயில வைப்பாங்க? பதில் இல்லேன்னா இப்பவே மொத்தத்தையும் எரிக்கணும், அடுத்த வருஷ அனுமதியும் கிடையாது" என்றார். மகள் முகத்தில் ரத்தமே இல்லை. நான் ஒரு அடி முன்னால் வந்தேன்.

"மேடம், டிக்கெட் இல்லாம அந்த ஆளை ஏத்திவிட்டது நான்தான்" என்றேன்.

"அப்பா, உங்களை எழுதத்தானே சொன்னேன்? நடச் சொன்னேனா?" என்றாள் மகள். அதோடு பேச்சு நின்றது. முன்னூறு செடியிலும் இலை கிள்ளிப் பரிசோதனைக்குப் போனது. பத்தொன்பது நாள், தம்பி. அவ சாப்பாட்டுத் தட்டை எடுத்துக்கிட்டு வேற ரூமுக்குப் போயிடுவா. உங்க அண்ணியும் அவ கட்சி. நான் சுவத்தோடதான் பேசிக்கிட்டிருந்தேன்.

இன்று காலை அரசாங்கத் தாள் வந்தது. நூற்றுப் பதினேழு சாதாரணச் சமையல் கிழங்கு, மற்ற அத்தனையும் பதிவேட்டில் உள்ளபடியே இருக்கின்றன, நோய் ஒன்றையும் தொடவில்லை, அடுத்த பருவத்துக்கு அனுமதி. மகள் ஓடி வந்து என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள், சிரித்தாள். நானும் அழுதேன், எனக்கென்ன வெட்கம்? என் கிழங்கு கருகினதாலதானே மத்தது கருகலைங்கிறது பளிச்சுனு தெரிஞ்சது? இனி நான் இல்லாமல் அந்த வேலிக்குள் ஒரு இலை அசையாது. நீயும் கிளம்பி வா, உள்ளே உனக்கும் ஒரு வேலை போட்டுத் தருகிறேன்.

உன் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் அன்பும் ஆசியும். எல்லோரும் நோய்நொடியின்றி நன்றாக இருங்கள்.

இப்படிக்கு,
உன் அண்ணன்

பி.கு.: தாளின் பின்பக்கத்தை மகள் இப்போதுதான் வாசித்துக் காட்டினாள். புதிதாகப் பத்தொன்பதாவது நிபந்தனை: "விண்ணப்பதாரரின் தந்தை வேலியிலிருந்து இருநூறு மீட்டருக்கு அப்பால் இருத்தல் வேண்டும்." மகரந்தம் பறந்து பரவாமலிருக்கவே இருபது மீட்டர்தான் கேட்டிருந்தார்கள். அளந்து பார்த்தேன், நம் மொட்டை மாடி இருநூற்றுப் பத்து. வரும்போது ஒரு பைனாகுலர் வாங்கிக்கொண்டு வா.