உலகத்திலேயே ஒரே மெடல்

அரைகுறையாக விஷயம் தெரிந்தவன் பெண் வீட்டில் வாயைத் திறக்கக் கூடாது. நான் திறந்தேன்.

பழைய மெடல் சேகரிப்பவர்களின் வாட்ஸ்அப் குழுவில் அப்போதுதான் சேர்ந்திருந்தேன். (அதற்குள் சட்டைப் பையில் லென்ஸ் வைத்துத் திரிய ஆரம்பித்திருந்தேன்.) தூத்துக்குடியில் பெண் பார்த்து முடிந்ததும், மளிகைக்கடை வைத்திருந்த வருங்கால மாமனார் தன் அப்பாவின் மெடலைக் கொண்டுவந்தார். துறைமுகத்தில் நெடுங்காலம் வேலை பார்த்ததற்கு வெள்ளைக்காரன் காலத்தில் கொடுத்தது. இந்த மாதிரி எத்தனை இருக்கும் என்று கேட்டார்.

எத்தனை பேருக்குக் கொடுத்தார்கள், எத்தனை மிஞ்சியிருக்கின்றன என்பதை வைத்துத்தான் அதைச் சொல்ல முடியும். இரண்டுமே எனக்குத் தெரியாது. அதனால் விளிம்பைப் பார்த்தேன். புள்ளி புள்ளியாகத் தமிழில் 'வே. முத்துமாலை' என்று அவருடைய அப்பாவின் பெயர் இருந்தது. நான் பார்த்த மெடல்களில் எல்லாம் ஆங்கிலம்தான். தமிழ்ப் பற்றுள்ள ஏதோ ஒரு துரை வெட்டச் சொன்னது, உலகத்திலேயே இது ஒன்றுதான் என்று அடித்துச் சொல்லிவிட்டேன்.

மாமனாருக்குக் கண் கலங்கிவிட்டது. அவருடைய அக்காள் கணவர், அந்தப் பெரியவரை 'மூட்டை எண்ணுன ஆளு' என்று ஊரெல்லாம் கேலி பேசுகிறவர். அவர் வாயை அடைப்பதற்காக, நிச்சயதார்த்தத்துக்குப் பாளையங்கோட்டையிலிருந்து ஒரு மெடல் நிபுணரையே மாமனார் வரவழைத்துவிட்டார்.

தட்டு மாற்றுவதற்கு முன் நிபுணர் மெடலைக் கையில் வாங்கினார். அந்த நேரம் பார்த்து என் கையில் பாயசம் வந்தது. டம்ளரின் விளிம்பில் அதே புள்ளிகள், அதே வே. முத்துமாலை, அதே கோணல் 'மு'.

நிபுணரை நோக்கியும் ஒரு டம்ளர் போய்க்கொண்டிருந்தது. சாருக்கு சுகர் என்று பாய்ந்து தடுத்தேன். (அவரை அன்றுதான் முதன்முதலில் பார்க்கிறேன்.) உடனே செம்பில் மோர் வந்தது. செம்பிலும் முத்துமாலை. அவருக்குச் சளி என்றேன். மாமியார் விடுவதாக இல்லை, தட்டு நிறையக் காரச்சேவு கொண்டுவந்து அவர் மடியிலேயே வைத்துவிட்டார். அதற்கு மேல் அவருக்கு என்ன நோய் சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை.

நிபுணர் தட்டையும் மெடலையும் மாறி மாறிப் பார்த்தார். "இதுல பேர் வெட்டுனது யாரு?" என்றார்.

"நாந்தான் பாத்திரக் கடையில குடுத்தேன்" என்றார் மாமியார். "பாத்திரத்துக்கெல்லாம் பேர் வெட்டயில இதையும் சேத்துக் குடுத்துட்டேன். காணாமப் போனா யாரு வீட்டுதுன்னு தெரியணும்லா."

அக்காள் கணவர் தொண்டையைக் கனைத்தார். மாமனார் தலையைக் குனிந்துகொண்டார். அந்த மனுஷனை நாலு பேர் முன்னால் இப்படி உட்கார வைத்துவிட்டோமே என்று எனக்குச் செத்துவிடலாம் போல இருந்தது. கல்யாணமும் அவ்வளவுதான் என்று முடிவு செய்துகொண்டேன்.

நிபுணர் லென்ஸை மடக்கினார். "மெடல் அசல்தான். நெறைய பேருக்குக் குடுத்திருக்கான். ஆனா பாத்திரக் கடையில பேர் வெட்டுன மெடல நான் எங்கயும் பாத்ததில்ல. மாப்ள சொல்லுதது சரிதான், ஒலகத்துலயே இது ஒண்ணுதான்."

முதலில் சிரித்தது மாமனார்தான். தட்டு மாற்றிவிட்டோம்.

அன்றிலிருந்து அந்த வீட்டில் 'அபூர்வம்' என்றால் மலிவு என்று அர்த்தம். சாளை மீன் மலிந்து கிடக்கிற நாளில் மாமியார் என் மனைவியை போனில் கூப்பிட்டு, "ஏளா, இன்னைக்கு ரொம்ப அபூர்வமான மீனு, மாப்ளயக் கூட்டிட்டு வா" என்பார். போன மாதம் சென்னையிலிருந்து வந்திருந்த என் மேலதிகாரியையும் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். அவர் அதை அப்படியே நம்பி, சாளையை போட்டோ எடுத்துவிட்டுத்தான் சாப்பிட்டார்.