மகாராணி விரலுக்கு மட்டும் மசிகிற போன்

குரங்கணி மேல்மலை,
பங்குனி 18.

அன்பும் பொறுமையும் நிறைந்த மாப்பிள்ளை ஜெகதீஷ் அவர்களுக்கு, மாமனார் சீனிச்சாமி ஏலத்தோட்டத்தில் காய் உலர்த்துகிற ஸ்டோரில் காலிச் சாக்குக் கட்டின்மேல் உட்கார்ந்து எழுதிக்கொண்டது. இங்கே நானும் உங்கள் அத்தை மகாராணியும் சுகம். கறவை மாடு சுகம். ஜீப்புக்கு மட்டும் ஏற்றத்தில் கொஞ்சம் இருமல். அங்கே திருப்பூரில் நீங்களும் மகள் முத்துப்பிரியாவும் பேரன் நிலவனும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க மலைச்சாமி துணை இருக்கும்.

நிற்க. போன வாரம் நீங்கள் கூப்பிட்டு, "மாமா, பொங்கலுக்கு நான் குடுத்த பழைய போனு எப்படி ஓடுது? நிறை குறையை நாலு வரி சொல்லுங்க, அதுக்குத் தக்கன சித்திரைக்குப் புதுசு ஒண்ணு வாங்கியாறேன்" என்றீர்கள். நாலு வரியில் அடங்குகிற சோலியா இது? போனிலேயே தட்டி அனுப்பலாம்தான். ஆனால் நான் 'மாப்பிள்ளை' என்று தட்டி முடிப்பதற்குள் அடுத்த காய் எடுப்பு வந்துவிடும். அதனால் தபால். நான் எழுதியதை உங்கள் அத்தை படித்துப் பார்த்து, சரி என்ற பிறகுதான் கவரை ஒட்ட வேண்டுமாம், உத்தரவு.

முதலில் போனின் லட்சணத்தைச் சொல்கிறேன். கொடுக்கும்போது நீங்கள் சொன்னது எனக்கு அப்படியே மனப்பாடம்: திரை நாலரை அங்குலம், கேமரா எட்டு மெகாபிக்சல், ரேம் ஒரு ஜிபி, உள்ளே இடம் எட்டு ஜிபி, பேட்டரி இரண்டாயிரம், வயசும் எட்டு. எனக்குப் புரிந்தது அந்த எட்டு மட்டும்தான். நம்ம போடியில் எட்டு மில்லி சல்லடையில் நிற்கிற ஏலக்காய்க்குத்தானே மரியாதை! மூன்று எட்டு சேர்ந்து வருகிறதே, கண்டிப்பாக முதல் தரச் சரக்கு என்று பயபக்தியோடு வாங்கினேன். ஸ்டோர் தராசில் வைத்தேன், நூற்று நாற்பது கிராம். மறுபடி வைத்தேன், அதே நூற்று நாற்பது. எடையில் அப்பழுக்கு சொல்ல முடியாது. பேட்டரிதான் மோசம். காலையில் நூறு என்று காட்டும், நான் வெற்றிலை போட்டுத் துப்பிவிட்டு வந்தால் அறுபது, ஒரு தும்மல் போட்டால் நாற்பது. கேமராவில் காட்டுமாட்டைப் படம் எடுத்தேன். கூட்டமாக ஏழு மாடு நின்றது. படத்தில் விழுந்தது என் கட்டைவிரல் ஒன்றுதான், அதுவும் நல்ல தெளிவாக.

இதெல்லாம் சில்லறைக் குறை. பெரிய குறை, அது என் விரலை மதிக்கவே இல்லை. பேரன் குரலை நீங்கள் அதில் பதிந்து கொடுத்தீர்களே, யார் கூப்பிட்டாலும் "தாத்தா, போனை எடுங்க! தாத்தா, போனை எடுங்க!" என்று கத்துகிறது. நான் எடுக்காமலா இருக்கிறேன்? அந்தப் பச்சை வட்டத்தை அழுத்துகிறேன், தேய்க்கிறேன், தடவுகிறேன், அது சட்டை பண்ணுவதில்லை. காய் எடுப்பு நேரத்தில் எங்கள் கை எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியாது மாப்பிள்ளை. ஏலக்காய்க் கறை ஏறி விரல் நுனி கருத்துக் காய்ச்சுப்போய்க் கிடக்கும். எலுமிச்சம்பழம் போட்டுத் தேய்த்தேன், சாம்பல் போட்டேன், மண்ணெண்ணெய் போட்டேன், ம்ஹூம். முழங்கையால் முயன்றேன். கடைசியில் மூக்கை வைத்தேன். மூக்குக்கு மசிந்தது, ஆனால் எடுக்கிறதுக்குப் பதிலாகக் கட் பண்ணிவிட்டது.

இந்த இடத்தில் ஒரு பழைய கதையைச் சொல்லியாக வேண்டும். உங்களுக்கு அரைகுறையாகத் தெரிந்திருக்கும். கார்த்திகையில் ஒரு நாள், மழை இறங்குவதற்குள் வெரசாகப் போடிக்குப் போய்விட வேண்டும் என்று ஜீப்பில் லோடு ஏற்றினேன். பதினோரு மூட்டை. ஒரு தடவைக்கு இரண்டு தடவை எண்ணி, தார்ப்பாய் கட்டி, குரங்கணி இறங்கி, போடியில் நம்ம ஏலக்காய் வியாபாரி அபுபக்கரின் குடோன் வாசலில் போய் நின்றேன். அபுபக்கர் வெளியே வந்து, "என்ன சீனியண்ணே, மதினியும் வர்றாங்கன்னு சொன்னீங்க, எங்க?" என்றான். திரும்பிப் பார்த்தால் முன் சீட்டில் அவள் குடை மட்டும் உட்கார்ந்திருக்கிறது. வீட்டைப் பூட்டிவிட்டு வருகிறேன் என்று போனவளை நான் மலையிலேயே விட்டுவிட்டு வந்திருக்கிறேன்! திரும்ப ஏறிப் போய்ச் சேர நாலு மணி நேரம் ஆனது. அவள் பாதை முக்குக் கல்லில், மடியில் மஞ்சப்பையோடு, நனைந்துகொண்டு உட்கார்ந்திருந்தாள். நானும் சும்மா இருந்திருக்கலாம். "தப்புத்தான் மகாராணி, பதினொண்ணோட நிறுத்தியிருக்கக் கூடாது, உன்னையும் சேர்த்துப் பன்னெண்டா எண்ணியிருக்கணும்" என்று சமாதானம் சொன்னேன். நுணலும் தன் வாயால் கெடும் என்று சும்மாவா சொன்னார்கள்.

அன்றைக்கு மூடிய வாய்தான். கார்த்திகை போச்சு, மார்கழி போச்சு, என்னோடு ஒரு வார்த்தை இல்லை. எதுவானாலும் மாட்டிடம்தான் சொல்லுவாள். "ஏய் லட்சுமி, உங்க ஐயாவுக்குச் சோறு ஆறுதுன்னு சொல்லு." மாடு வந்து என்னிடம் சொல்லாது என்பதால் நானே விளங்கிக்கொண்டு போய்ச் சாப்பிடுவேன். பொங்கலுக்கு வந்த உங்களிடமும் முத்துப்பிரியாவிடமும் நாங்கள் சிரித்துச் சிரித்துப் பேசினோமே தவிர, ஒருத்தருக்கொருத்தர் பேசிக்கொண்டதை நீங்கள் பார்த்தீர்களா? யோசித்துப் பாருங்கள். முப்பத்தாறு வருசம் குடும்பம் நடத்திவிட்டு மாடு வழியாகப் பேசுவது லேசுப்பட்ட துக்கம் இல்லை மாப்பிள்ளை.

அப்படி இருக்கையில்தான் இந்தப் போன் வந்தது. தோட்டத்தில் ஸ்டோர் வாசலில் மட்டும்தான் டவர் கிடைக்கும், வீடு நூறு படி மேலே. நீங்கள் ஊர் போய்ச் சேர்ந்த மூன்றாம் நாள் முத்துப்பிரியா கூப்பிடுகிறாள், பேரன் குரல் மலையெல்லாம் எதிரொலிக்கிறது, நான் மூக்கை வைத்துப் போராடுகிறேன். உங்கள் அத்தை விறுவிறுவென்று படி இறங்கி வந்தாள். ஒரே விரல். ஒரே தள்ளு. போன் வாயைத் திறந்துவிட்டது. என் காதில் வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் ஏறிப் போய்விட்டாள். மறுநாள் அபுபக்கருக்கு ஒரு செய்தி அனுப்ப வேண்டியிருந்தது. போனை அவள் முன்னால் நீட்டிக்கொண்டு நின்றேன். கொஞ்ச நேரம் என் கையைப் பார்த்தாள். பிறகு, "என்ன எழுத்து?" என்றாள். இரண்டு மாசத்துக்கு அப்புறம் அவள் வாயிலிருந்து எனக்கென்று வந்த முதல் பேச்சு. அழுதிருப்பேன், ஸ்டோரில் வேலை பார்க்கிற திருப்பதி பக்கத்தில் நின்றதால் விட்டுவிட்டேன். அன்றைக்கு எனக்கு ஆகாதவனுக்கெல்லாம் செய்தி அனுப்பினேன். 'ழ' வருகிற சொல்லாகத் தேடித் தேடிச் சொன்னேன், அந்த எழுத்தைக் கண்டுபிடிக்க அவளுக்கு நேரமாகும்.

மாசியில் ஒரு விபத்து. ஓடையில் முகம் கழுவக் குனிந்தபோது போன் சட்டைப் பையிலிருந்து தண்ணீரில் குதித்துவிட்டது. ஈரப் போனை அரிசிக்குள் போட வேண்டும் என்று முத்துப்பிரியா சொல்லியிருந்தாள். ஏலக்காய் காய வைக்கிறவன் அரிசியைத் தேடிப் போவானா? பேட்டரியைக் கழற்றி வேட்டி முனையில் முடிந்துகொண்டு, போனைத் தட்டில் பரப்பி, பச்சைக்காயோடு சேர்த்து ஸ்டோர்ச் சூட்டில் உலர்த்தினேன். நல்ல பக்குவத்தில் காய்ந்து வந்தது. பேட்டரியைப் போட்டதும் உயிரும் வந்தது. இருந்தாலும் உள்ளீரம் கொஞ்சம் இருக்குமே என்று, காய்ந்த காய்க் குவியலுக்குள் புதைத்து வைத்துவிட்டுச் சாப்பிட ஏறிப் போனேன். திரும்பி வந்தால் குவியலும் இல்லை, போனும் இல்லை. திருப்பதி பாவம், சொன்ன வேலையை ஒழுங்காகச் செய்கிறவன். எல்லாவற்றையும் ஒன்பது மூட்டையாகக் கட்டிப் பக்கத்துத் தோட்டத்து ஜீப்பில் போடிக்கு அனுப்பிவிட்டான்.

அதற்கப்புறம் நடந்தது அபுபக்கர் வாயால் கேட்க வேண்டிய கதை. இங்கே உங்கள் அத்தை திருப்பதியின் போனை வாங்கி என் நம்பருக்கு விடாமல் அடிக்கிறாள். அங்கே குடோனில் மூட்டை அடுக்குக்குள்ளிருந்து "தாத்தா, போனை எடுங்க!" என்று குழந்தைக் குரல். காய் பொறுக்குகிற பெண்கள் முறத்தைப் போட்டுவிட்டு வெளியே ஓடியிருக்கிறார்கள். கொஞ்ச நேரத்தில் அபுபக்கர் திருப்பதி நம்பருக்கே கூப்பிட்டு அலறுகிறான்: "அண்ணே, உங்க பேரன் மூட்டைக்குள்ள இருக்கான் அண்ணே! பதறாதீங்க, குரலு கணீர்னு வருது, இந்தா ஒவ்வொண்ணா பிரிச்சுக்கிட்டிருக்கேன்!" நான் போன் கதையைச் சொல்ல வாயெடுப்பதற்குள் வைத்துவிட்டான். நாலாவது மூட்டையைக் கொட்டும்போது பேட்டரி தீர்ந்து குரல் நின்றுபோக, மனுசன் "யா அல்லா!" என்று தரையில் உட்கார்ந்துவிட்டானாம். ஒன்பதாவது மூட்டையில் பேரனுக்குப் பதிலாகப் போன் கிடைத்தது.

வாங்கி வர நான் ஜீப்பை எடுத்தேன். எனக்கு முன்னால் உங்கள் அத்தை முன் சீட்டில் ஏறி உட்கார்ந்திருந்தாள். நான் கிளம்பும் முன் இறங்கி அந்தப் பக்கம் போய், அவளை விரல் நீட்டி, "ஒண்ணு" என்று உரக்க எண்ணினேன். சிரித்துவிட்டாள் மாப்பிள்ளை! கார்த்திகையில் மூடிய வாய் மாசியில் சிரித்தது. "வண்டியை எடுங்க, வாய்தான் நீளம்" என்றாள். போடி வரைக்கும் நான் இரண்டாவது கியருக்கு மேல் போகவில்லை. குடோனில் அபுபக்கர் கொதித்துப்போய் நின்றான். "ஒம்போது மூட்டையையும் கொட்ட வச்சுட்டீங்களே அண்ணே, இதை எந்தத் தரத்துல சேர்க்க?" என்று போனை எட்டு மில்லி சல்லடையில் தூக்கிப் போட்டான். விழவில்லை, நின்றது.

ஆகவே, உபயோகித்தவர் என்ற முறையில் என் கருத்து: பின்மூடி உப்பிப்போய் ரப்பர் பாண்டில் நிற்கிறது. காது ஓட்டையில் ஏலக்காய்த் தொலி புகுந்துகொண்டதால், யார் பேசினாலும் கிணற்றுக்குள்ளிருந்து பேசுகிற மாதிரி கேட்கிறது. வாசம் மட்டும் பிரமாதம், பாயசம் வைக்கிற வீட்டில் அடுப்புப் பக்கம் வைக்கலாம். விரலுக்கு மசிவதே இல்லை. உங்கள் அத்தையோ, "ஒரு நாளைக்கு இருவது தடவை இந்தப் படியில ஏறி இறங்க என் முட்டியால ஆகாது, மாப்ளைக்கு எழுதி வேற போனு கேளுங்க" என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். ஆதலால், காய்ச்சுப்போன விரலுக்கும் அடங்குகிற புதுப் போன் ஒன்றைச் சித்திரைக்கு அவசியம் வாங்கி வரவும். இந்தப் பழையதை வேறு யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள், பாவம் பிடிக்கும்.

பேரனுக்கு என் முத்தம், மகளுக்கு ஆசி, உங்களுக்கு வணக்கம். நீங்கள் மூவரும் எட்டு மில்லிக் காய் மாதிரி உருண்டு திரண்டு, நோய் நொடி இல்லாமல் வாழ வேண்டும்.

இப்படிக்கு,
அன்பு மாமனார்
சீனிச்சாமி

பின்குறிப்பு: உங்கள் அத்தை படித்துவிட்டாள். "சரி, ஒட்டுங்க" என்று சொல்லிவிட்டுத் தேத்தண்ணி போட அந்தப் பக்கம் போயிருக்கிறாள். அவசரமாக எழுதுகிறேன். மேலே கண்ட எதையும் நம்ப வேண்டாம். மாசிக் கடைசியிலேயே காய் எடுப்பு முடிந்துவிட்டது, கையில் கறையும் போய்விட்டது. பங்குனி பிறந்ததிலிருந்து என் விரலுக்குப் போன் நன்றாகவே மசிகிறது. அவளிடம் சொல்லவில்லை. போனைத் தள்ளிவிட வருகிறவள் சும்மா போவதில்லை, சாக்கில் உட்கார்ந்து அரை மணி நேரம் பேசிவிட்டுத்தான் போகிறாள். முப்பத்தாறு வருசத்தில் நாங்கள் இவ்வளவு பேசியதில்லை. புதுப் போன் வந்தால் அவள் எதற்கு இறங்கி வரப் போகிறாள்? தயவுசெய்து வாங்காதீர்கள். கடையில் சரக்குத் தீர்ந்துவிட்டது என்று ஏதாவது சொல்லுங்கள்.

மாப்பிள்ளைக்கு அத்தை எழுதுறது. உங்க மாமா பசை தேடி வீட்டுக்கு ஏறியிருக்காரு. பசை என் மடியில இருக்கு, வர நேரமாகும். அவரு எழுதினது எல்லாத்தையும் படிச்சுட்டேன், கடைசியில ஒளிச்சு எழுதினதையும் சேர்த்து. தினம் விடியக்காலம் அஞ்சு மணிக்கு ரோசாப்பூப் படம் போட்டுத் தனக்குக் 'காலை வணக்கம்' அனுப்புறாருன்னு முத்துப்பிரியா அப்பவே எங்கிட்டச் சொல்லிட்டா. அந்நேரம் நான் மாட்டுல பால் கறந்துக்கிட்டு இருப்பேன். பின்ன யாரு விரலு அது? புதுசு கேட்டு எழுதச் சொன்னது, மனுசன் மெய்யாவே கேக்குறாரான்னு பார்க்கத்தான். முட்டி நல்லாத்தான் இருக்கு. எனக்குத் தெரியும்கிறது அவருக்குத் தெரிய வேணாம், சாமி. புதுப் போனும் வேணாம். இதுக்கு ஒரு நல்ல பேட்டரி மட்டும் வாங்கி அனுப்புங்க. பத்து மணிக்கெல்லாம் இது செத்துப்போகுது, மத்தியானத்துக்கு மேல நான் என்ன சாக்குச் சொல்லிக் கீழ இறங்குறது?