1951 கல்லும் முதல் காளாஞ்சியும்

அன்புள்ள தம்பி சிவகரனுக்கு,

இரணைமடு வாய்க்காலடியிலிருந்து அண்ணன் கனகலிங்கம் எழுதுவது. பிள்ளையார் புண்ணியத்தில் நாங்கள் எல்லோரும் சுகம். துணுக்காயில் நீயும் குடும்பமும் சுகமாயிருக்க வேண்டுகிறேன். பக்கத்துக் காணி இளையதம்பியும் நல்ல சுகத்தோடுதான் இருக்கிறான். அதனால்தான் இக்கடிதம்.

எங்கள் நெல் களஞ்சியத்தின் வாசலுக்கு மேலே 1951 என்று வெட்டிய கல் இருப்பது உனக்குத் தெரியும். இந்தக் குடியேற்றத்தில் முதலில் கட்டடம் எழுப்பிய குடும்பத்துக்கே கோயில் திருவிழாவில் முதல் காளாஞ்சி, அதாவது முதல் வெற்றிலைத் தட்டு மரியாதை. அந்தக் கல்லை நம்பித்தான் வருசா வருசம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வெற்றிலை வாங்குகிறேன். இப்ப இளையதம்பி சொல்லுறான், அது தன்ர தகப்பன் வெட்டின கல்லாம். இடம்பெயர்ந்து திரும்பி வந்தபோது இரண்டு வீட்டுக் களஞ்சியமும் ஒரே கற்குவியலாய்க் கிடந்ததாம், அதில நான் மாறி எடுத்துப் பதிச்சுப்போட்டனாம், கல்லின்ர கீழ்ப்பாதியில பூசின சீமெந்தைக் கொத்தினால் பேர் தெரியுமாம். நான் விடுவனே? நான் வயலுக்குப் போன நேரம் பார்த்து உளியோட வந்து நிக்கிறான். உன்ர அண்ணி நாகேஸ்வரி என்ன செய்தா? அந்த மனிசன் எட்டி எட்டி நிக்கிறதைப் பார்க்கேலாமல், "இதில ஏறி நிண்டு கொத்துங்கோ" எண்டு எங்கட கதிரையையே எடுத்துக் குடுத்திருக்கிறா. தேத்தண்ணியும் குடுத்திருக்கிறா. நான் வந்து போட்ட சத்தத்தில கதிரைக்கால் முறிஞ்சு அவன் விழுந்து, கடைசியில அவன்ர இடுப்புக்கு எண்ணெய் பூசினதும் நான்தான்.

கோயில் சபை வெள்ளிக்கிழமை ஊர் முன்னால சீமெந்தைக் கொத்தச் சொல்லிப்போட்டுது. அதுக்கு முதல் நீ வந்து, எங்கட ஐயா அந்தக் கல்லை வெட்டினதைக் கண்ணால கண்டனான் எண்டு ஒரு சொல்லுச் சொல்ல வேணும். நான் அப்ப தவழுற பிள்ளை, நீ பிறக்கவே இல்லை. அது எனக்குத் தெரியும். சபைக்குத் தெரியாது.

உன் மனைவிக்கு எங்கள் அன்பும் பிள்ளைகளுக்கு ஆசியும் உரித்தாகட்டும்.

இப்படிக்கு,
உன் அண்ணன் கனகலிங்கம்

பி.கு.: தபாலில போட முதல், ஒருக்காப் பாப்பம் எண்டு நானே கொஞ்சம் கொத்தினன். "வல்லிபுரம்" எண்டு முழுப்பேரும் கிடக்கு. இளையதம்பியின்ர தகப்பன்தான். அவனைக் கூப்பிட்டுக் காட்டினன். காளாஞ்சியைப் பற்றி அவன் ஒரு கதையும் கதைக்கேல்லை. ஒவ்வொரு எழுத்தாய்த் தடவிப் பார்த்திட்டு, "ஐயான்ர கைவேலையில மிஞ்சினது இது ஒண்டுதான் அண்ணை" எண்டான். முதல் காளாஞ்சி இனி அவனுக்குத்தான். நீ சாட்சி சொல்ல வரவேண்டாம். கல்லை அவன்ர களஞ்சியத்துக்குத் தூக்க ரெண்டு பேர் காணாது, அதுக்கு வா.