கதவர் பேசாமல் இருந்த நாள்

2009 மே 18, திங்கட்கிழமை, காலை ஒன்பதே கால் மணி. வெயில் அடித்தது, ஆனாலும் ஸ்வெட்டர் இல்லாமல் நிற்க முடியாத குளிர். சென் ஜேம்ஸ் ரவுணில் ஒரு தொடர்மாடியின் பதினாலாம் மாடியில், என் வீட்டு வாசலுக்கு எதிரே ஒருவர் மடக்குக் கதிரையில் உட்கார்ந்து வாயைத் திறக்காமல் இருந்தார். ரொறன்ரோத் தமிழர்களிலேயே அதிகம் பேசியவர் அவர்தான். நேரில் பார்த்திராவிட்டால் நானே நம்பியிருக்க மாட்டேன்.

அவரை எல்லோரும் கதவர் என்றோம். புற்றுநோய் ஆய்வுகூடமொன்றில் விஞ்ஞானி. வயது நாற்பத்தைந்து, கலியாணம் ஆகவில்லை. எனக்கு இரண்டு மாடி கீழே தனியாக இருந்தார். தன் ஆராய்ச்சியை விளக்காமல் அவர் ஒரு கலியாண வீட்டிலும் கை நனைத்ததில்லை. ஒருமுறை மல்வேர்னில் ஒரு கலியாணம். தாலி கட்டும் நேரத்தில் மாப்பிள்ளையின் மாமனாரைப் பிடித்துக்கொண்டார்.

"அங்கிள், தைரொயிட் செல்லுக்கு அயடினை உள்ளுக்கு இழுக்கிற கதவு ஒண்டு பிறவியிலேயே இருக்கு. மற்றக் கான்சருகளுக்கு அது இல்லை. நாங்கள் என்ன செய்யிறம்? அந்தக் கதவைச் செய்யிற ஜீனை, கான்சர் செல்லுக்கை மட்டும் வேலை செய்யிற மாதிரி அனுப்பிவிடுறம். பிறகு கதிர் வீசுற அயடின் கொஞ்சம் குடுத்தால் கமராவிலை கான்சர் எங்கை இருக்கெண்டு தெரியும். கூடக் குடுத்தால், அதே கதவாலை போய் அங்கையே கொல்லும். படம் எடுக்கிறதும் மருந்து குடுக்கிறதும் ஒரே வழி!"

"ஆருக்குத் தம்பி உது?"

"இப்போதைக்கு எலிக்கு."

"என்ரை பேஸ்மென்றிலை நாலு நிக்குது. வந்து ஒருக்காப் பாரும்."

கதவர் கோபிக்கவில்லை. உண்மையிலேயே போய்ப் பார்த்தார் என்று கேள்வி.

அந்த வருடத் தொடக்கத்தில் எனக்குத் தைரொயிட் புற்றுநோய் என்றார்கள். சுரப்பியை வெட்டி எடுத்தார்கள். மிச்சமிருக்கும் செல்களை அழிக்கக் கதிர் அயடின் விழுங்க வேண்டும் என்றார்கள். செய்தி கேட்டு ஓடி வந்த கதவரின் முகத்தில் கலியாணக் களை.

"அண்ணை, நீங்கள் குடுத்து வைச்சனீங்கள். உங்கடை கான்சருக்குக் கதவு கூடப் பிறந்தது! நான் எலிக்கு அதைப் பொருத்துறதுக்கு ஒன்பது வருசமா மாயிறன்."

என் புற்றுநோயைப் பார்த்து ஒருவர் பொறாமைப்பட்டது அதுதான் முதலும் கடைசியும்.

மருந்துக்கு முன் இரண்டு கிழமை அயடின் இல்லாத சாப்பாடு. மீன், நண்டு, பால், முட்டை மஞ்சட்கரு, கடை உப்பு எதுவும் ஆகாது. செல்களைப் பட்டினி போட்டால்தான் மருந்தை அவை ஆவலோடு விழுங்கும். பட்டினி கெட்டால் எல்லாம் வீண். ஆனால் வருத்தக்காரனை வெறுங்கையோடு பார்க்க வருகிற சாதியா நாங்கள்? ஊரே சட்டியோடு வந்தது. கதவர் வேலை முடிந்து வந்து லிஃப்ற் வாசலில் காவல் நின்றார்.

மல்வேர்னிலிருந்து பவானி அன்ரி இரண்டு பஸ் மாறி நண்டுக் கறியோடு வந்திறங்கினார்.

"அன்ரி, இந்த நண்டு போனால் கதவெல்லாம் அடைபட்டிடும்."

"என்ரை நண்டோ? இருவது வருசமா ஒருத்தரும் ஒரு குறை சொல்லேல்லை!"

"குறை இல்லை, அன்ரி. மணமே சொல்லுது."

"அப்ப திருப்பிக் கொண்டு போகச் சொல்லுறீரோ?"

"இல்லை, இல்லை. விஞ்ஞானத்துக்காக நான் எடுக்கிறன்."

இப்படி விஞ்ஞானத்துக்காக அவர் எடுத்தவை பதினொரு சட்டிகள். மீன் ஏழு, நண்டு மூன்று, மீனும் நண்டும் போட்ட ஒடியற்கூழ் ஒன்று. நான் மெலிந்தேன். அவர் பெல்ற்றில் புது ஓட்டை போட்டார்.

வெள்ளிக்கிழமை மருந்து தந்தார்கள். ஞாயிறு வீட்டுக்கு அனுப்பினார்கள். ஒரு கிழமைக்கு இரண்டு மீற்றருக்குள் யாரும் வரக்கூடாது. என் உடம்பிலிருந்து கதிர் வீசிக்கொண்டிருந்தது. மனைவி தவறி ஆறு வருடம், பிள்ளைகளும் இல்லை என்பதால் தனிமை எனக்குப் பழக்கம் என்றுதான் நினைத்திருந்தேன்.

திங்கள் காலை வானொலி, இலங்கையில் யுத்தம் முடிந்துவிட்டது என்றது. என் ஒரே தங்கை வன்னியில் கடைசிவரை அகப்பட்டிருந்தாள். தை மாதத்துக்குப் பிறகு போன் இல்லை. ஒரு செத்தவீடு என்றால் சனம் வந்து சுற்றியிருக்கும். இது செத்தவீடா இல்லையா என்றே தெரியாது. வரவும் யாராலும் முடியாது. போனுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தேன். கதவைத் தட்டும் சத்தம் கேட்டது.

"அண்ணை, நான்தான். கதவைத் திறந்துபோட்டுத் தள்ளி இருங்கோ."

அளவுநாடா பிடித்து இரண்டு மீற்றர் அளந்து, நடைபாதையில் கதிரையை விரித்தார். உள்ளே நான், வெளியே அவர்.

"வேலை இல்லையே?"

"இண்டைக்கு விக்ரோறியா டே லீவு, அண்ணை."

அதற்குப் பிறகு பேச்சில்லை. மத்தியானம் வரை பொறுத்தேன்.

"ஏதாவது கதையும், தம்பி."

"என்னத்தைக் கதைக்க?"

"உம்முடைய கதவைப் பற்றிக் கதையும்."

நான் அதைக் கேட்டுச் சொல்ல வைத்தது அந்த ஒரு நாள்தான். மெதுவாகத் தொடங்கினார். ஜீன், கதவு, கமரா எல்லாம் ஒழுங்காக வந்தன. "கூடக் குடுத்தால், அதே கதவாலை போய் அங்கையே..." என்றவர் நிறுத்திவிட்டார். அடுத்த சொல்லை அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. பொழுது படும்வரை அப்படியே இருந்தார்.

தங்கையைப் பற்றி இன்றுவரை ஒரு தகவலும் இல்லை. என் மருந்து வேலை செய்தது. இலையுதிர் காலத்தில் ஸ்கானுக்குக் கதவர்தான் காரில் கூட்டிப் போனார். வன்கூவரில் அவரைப் பேச அழைத்திருந்த விஞ்ஞானிகள் கூட்டம் எப்படி என்று கேட்டேன்.

"போகேல்லை."

"ஏன்?"

"எலிக்கு விக்ரோறியா டே இல்லைத்தானே, அண்ணை."

பிறகு மெல்ல மெல்ல வந்தது. அன்று காலை எட்டு மணிக்கு எலிகளுக்கு அயடின் ஏற்றியவர், வானொலியைக் கேட்டதும் எல்லாவற்றையும் அப்படியே விட்டுவிட்டு என்னிடம் வந்திருக்கிறார். பத்து மணிக்குப் படம் எடுத்திருக்க வேண்டும். ஏற்றிய கதிர் மணிக்கு மணி குறையும், யாருக்காகவும் காத்திருக்காது. பரிசோதனை முழுவதும் பாழ். திரும்பச் செய்ய ஆன செலவைப் பேராசிரியர் கதவரின் பயணப் பணத்தில் கழித்துக்கொண்டார்.

எவ்வளவு என்று கேட்டேன். உலகத்துக்கே விளக்கம் சொல்கிறவர் வீதியைப் பார்த்தபடி கார் ஓட்டினார். நான் விடவில்லை, மூன்று சிக்னல் வரை நச்சரித்தேன். கடைசியில் சொன்னார்.

ஆயிரத்து எண்ணூற்றுப் பத்து டொலர் நாற்பது சதம்.