பொருத்தம் அக்காவும் பூக்கடை லெட்சுமியும்

பினாங்கில் கல்யாணமான தமிழர்களில் பாதிப் பேருக்கு ஜோடி சேர்த்துவைத்தவர் பொருத்தம் அக்கா. ஜார்ஜ் டவுன் பூனைகளில் பாதிக்குப் பிள்ளைப்பேறே இல்லாமல் செய்தவரும் அவர்தான். தொழில் கல்யாணத் தரகு. மிச்ச நேரமெல்லாம் தெருப்பூனைகளைக் கூண்டில் பிடித்துக் கருத்தடை ஆபரேஷனுக்குக் கொண்டுபோவார். இரண்டுக்கும் வாகனம் என் பழைய காடி, ஓட்டுநர் நான். மார்க்கெட் ஸ்ட்ரீட் துணிக்கடையில் நாள் முழுக்கச் சேலை விரித்து, மடித்து, களைத்து வெளியே வந்தால் கூண்டோடு நிற்பார். போகிற வழிதானே என்பார். அவர் போகிற வழி எதுவும் என் வீட்டுப் பக்கம் போனதே இல்லை.

ஒருமுறை ஆயர் ஈத்தாமில் பெண் பார்க்கும் வைபவம். வழியில் பிடித்த கடுவன் பூனையைக் காடியில் விட்டால் வெயிலில் வெந்துவிடும் என்று கூண்டோடு உள்ளே வந்துவிட்டார். மாப்பிள்ளை கேசரியை வாயில் வைக்கிற நேரம் பார்த்துக் கடுவன் கத்தத் தொடங்கியது. பெண்ணின் அப்பாவுக்கு முகம் கறுத்துப்போனது. அக்கா அசரவில்லை. மாப்பிள்ளை வீட்டாரிடம், உங்கள் வீட்டில் பூனை உண்டா, ஆபரேஷன் ஆயிற்றா என்று சம்பளம் விசாரிக்கிற தொனியில் கேட்டார். எப்படியோ சம்பந்தம் முடிந்தது. மறுவாரம் மாப்பிள்ளை வீட்டுப் பூனையும் என் காடியில் ஏறியது. என் சீட் கவர் போயே போச்சு.

அப்பேர்ப்பட்டவரையே ஓயவைத்தது குவீன் ஸ்ட்ரீட் பூக்கடைப் பூனை லெட்சுமி. வருஷம் முழுக்க அதற்கு வயிறு தள்ளியே இருக்கும். உடம்பில் எலும்பும் தோலும்தான் மிச்சம். பூக்கடை அண்ணனோ, அது குட்டி போட்டால்தான் வியாபாரம் பெருகும், கத்தி வைப்பது மகாபாவம் என்று ஒரே பிடிவாதம். குட்டிகள் கண் திறந்ததும் பெட்டியில் போட்டு ஆயர் ஈத்தாம் பாசாரில், சந்தைக் கூட்டத்துக்கு நடுவே வைத்துவிட்டு வந்துவிடுவார். அக்கா போய் எடுத்து வருவார். ஒருதடவை அண்ணன் ஃபெரி ஏறி அக்கரையில் பட்டர்வொர்த்தில் விட்டு வந்தார். அக்காவும் ஃபெரி ஏறினார். சிலது அவர் போய்ச் சேருவதற்குள் லாரியில் அடிபட்டுக் கிடக்கும். அன்றைக்கெல்லாம் காடியில் வாயே திறக்கமாட்டார்.

போன பிரசவத்தில் ஒரு குட்டியும் தங்கவில்லை. அக்கா பூனை டாக்டரைக் கடைக்கே இழுத்து வந்தார். இன்னொரு தடவை சினையானால் தாயே பிழைக்காது என்றார் டாக்டர். அண்ணன் சரம் கட்டுவதை நிறுத்தவில்லை.

"அண்ணே, அறுக்கிறது பாவம்னா, பெத்தத பாசார்ல கொண்டுபோயி வீசறது என்னா புண்ணியம் லா?" என்றார் அக்கா.

அக்கா கைப்பையைத் தட்டிக் காட்டினார். அண்ணனின் மகளுக்கு அவர்தான் வரன் பார்த்துக்கொண்டிருந்தார். பட்டர்வொர்த் ஃபேக்டரியில் சூப்பர்வைசர், தங்கமான பையன். ஜாதகம் அந்தப் பைக்குள்.

"லெட்சுமிக்கு ஆபரேஷன் ஆவாம இது வெளிய வராது. வேற தரகர பாத்துக்குங்க."

வேறு தரகர் யாரும் அண்ணனின் வாய்க்குப் பயந்து அந்தப் பக்கமே வருவதில்லை. இது அவருக்கும் தெரியும். கொஞ்ச நேரம் முறைத்தார். பிறகு தானே பூனையைத் தூக்கிக் கூண்டில் விட்டார்.

"பாவம் பூரா உங்க தலையிலதான்" என்றார்.

கிளினிக்கில் டாக்டர் முகம் சுளித்தார். இந்த நோஞ்சான் உடம்பு மயக்க மருந்தைத் தாங்குமா என்று அவருக்கே சந்தேகம். கதவு மூடியது. அக்காவும் நானும் பெஞ்சில் உட்கார்ந்தோம்.

ரொம்ப நேரம் கழித்து அண்ணன் அக்காவுக்குப் போன் செய்தார். ஜாதகம் கேட்கத்தான் என்று நினைத்தேன். லெட்சுமி கண் முழித்துவிட்டதா என்று கேட்டார். இன்னும் இல்லை என்று சொல்லி அக்கா போனை வைத்தார்.

"இது செத்துச்சுன்னா நான்தான் கொன்னதா ஆயிடும் தம்பி. பயமா இருக்கு. அலுத்தும் போச்சு. ஒண்ண முடிச்சா அடுத்த தெருவுல ஒண்ணு நிக்குது."

பொருத்தம் அக்காவுக்குப் பயம் என்ற ஒன்று உண்டென்று அன்றைக்குத்தான் தெரிந்தது. நான் ஆறுதல் சொல்வதற்குள் அவர் தலை என் தோளில் சாய்ந்துவிட்டது, வாய் லேசாகத் திறந்தபடி.

கதவு திறந்தது. பூனை கண் முழித்துவிட்டது, இனி பயமில்லை என்றார் டாக்டர். மெதுவாகப் பேசும்படி அவருக்குக் கை காட்டினேன். நல்ல சேதி எங்கேயும் ஓடிவிடாது. இந்த மனுஷி கொஞ்சம் தூங்கட்டும் என்று தோள் மரத்துப்போகிறவரை அசையாமல் உட்கார்ந்திருந்தேன்.